இடது கையால் வந்த டீ

டீ விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சம்பளம் தாமதமானால் பொறுத்துக்கொள்வேன். கேம்ப் ரோட்டில் மழைத்தண்ணீர் நின்றால் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்துவிடுவேன். ஆனால் மட்டமான டீயை யாராவது கையில் திணித்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. சேலையூரில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள் நான். ஸ்டாஃப் ரூமுக்கு டீ கொண்டுவரும் ஆயாம்மா என்னிடம் மட்டும் கடைசியில்தான் வருவார். முதலில் வந்தால் மற்றவர்களுக்குக் கொடுக்கிற தெம்பே போய்விடுகிறதாம்.

இப்படிப்பட்டவளை என் மகள் பிரிசில்லா விமானத்தில் மலேசியாவுக்கு அனுப்பினாள். பிரிசி விமானப் பணிப்பெண். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஊழியர்களின் பெற்றோருக்கு அந்தக் கம்பெனி கொடுக்கிற பாஸில், கிள்ளானில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு, அக்கா பேரனின் ஞானஸ்நானத்துக்காக நான்கு நாள் பயணம். பாஸ் என்றால் சும்மா வருமா? கூடவே ஒரு சட்டப் புத்தகமும் வந்தது.

"அம்மா, ஸ்டாஃப் பாஸ்ல போறவங்க எதுவும் கேக்கக் கூடாது. பெல் அடிக்கக் கூடாது. சீட் மாத்திக் குடுங்கன்னு நிக்கக் கூடாது. நான் இன்னாரோட அம்மான்னு பெருமை அடிக்கக் கூடாது. முக்கியமா, டீ எப்படி இருந்தாலும் நீ வாயத் திறக்கக் கூடாது."

"விஷமா இருந்தாலுமா?"

"குடிச்சிட்டு தேங்க்யூ சொல்லணும். என் ப்ரொபேஷன் முடிய இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு. பாஸ்ல வந்தவங்க பிரச்சினை பண்ணாங்கன்னு ஒரு வரி போனாக்கூட என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

எனக்கே சட்டம் சொல்ல வந்துவிட்டாளே என்று கோபமாக வந்தது. ஆனால் பதில் சொல்ல எனக்கு வாய் கிடையாது. பிரிசி என் பள்ளியில்தான் படித்தாள். கேட்டுக்குள் நுழைந்துவிட்டால் நான் அம்மா இல்லை, மிஸ் என்று யூகேஜியிலேயே சொல்லிவைத்தவள் நான். ஆறாம் வகுப்பில் ஒருநாள் மைதானத்தில் விழுந்து, முட்டி கிழிந்து, சாக்ஸெல்லாம் ரத்தமாக வந்து நின்றபோதும் "மிஸ், விழுந்துட்டேன் மிஸ்" என்றுதான் சொன்னாள். அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை. ஸ்டாஃப் ரூமில் நாலு பேரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

முதல் நாள் காலை ஆட்டோவில் கிளம்பினேன். பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டிருந்த நேரம்.

"நல்லவேளை மேடம், நீங்க ஏர்போர்ட் பக்கம் போறீங்க. பெருங்களத்தூர் பக்கம் போயிருந்தீங்க, பேஜாருதான். ஊருக்குப் போற கூட்டம் பூரா அங்கதான் நின்னுகினு கீது" என்றார் ஆட்டோக்காரர். "ஃபாரின்ல இன்னா கீது மேடம்?"

"எங்க அக்கா கீது" என்று வாயில் வந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

கிழக்குத் தாம்பரத்தில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி ஒரு டீ குடித்தேன். மாஸ்டர் கிளாஸின் அடியைத் துடைத்து, வலது கையால் நீட்டினார். சூடு, நிறம், மரியாதை எல்லாம் சரியாக இருந்தன. அடுத்த நான்கு மணி நேரத்துக்கு அதுதான் என் கடைசி நிம்மதி என்று அப்போது தெரியாது.

விமானத்தில் 27C எனக்கு. நடைபாதையை ஒட்டிய சீட். பக்கத்தில் மாடம்பாக்கத்து ஷாகுல் பாய் உட்கார்ந்திருந்தார். மிக்ஸி, கிரைண்டர் பாகங்கள் வாங்கி விற்கிறவர். நான் சேலையூர் என்றதும் "நம்மூரு டீச்சரம்மா" என்று சொந்தம் கொண்டாடி, முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

பிறகு தள்ளுவண்டி வந்தது. சட்டையில் நிகிதா என்று பெயர் குத்திய பெண், வாய் நிறையச் சிரிப்போடு "டீயா, காபியா?" என்று கேட்டாள். டீ என்றேன். ஒரு காகிதக் கப்பில் பாதி வெந்நீர். தனியாக, நூல் கட்டிய ஒரு டீ பேக். ஒரு பால் பவுடர் பாக்கெட், இரண்டு சர்க்கரைப் பாக்கெட், ஒரு குச்சி. அத்தனையையும் அவள் எனக்கு நீட்டினாள். இடது கையால்!

எனக்குக் காது சூடானது. எங்கள் வீட்டுக்குக் கேபிள் ஒயர் சரிபார்க்க வருகிறவருக்குக்கூட வலது கையால்தான் தண்ணீர் கொடுப்போம். இடது கையை நீட்டினால் பிரிசியின் கையில் சின்ன வயதில் அடி விழும். இங்கே ஆகாயத்தில், தலைவாரி, சாயம் பூசி, ஆறு வாரம் பயிற்சி முடித்த ஒரு பெண், இடது கையால் டீ தருகிறாள். அதுவும் டீயாகக்கூட இல்லை, உதிரி பாகங்களாக. பற்களைக் கடித்துக்கொண்டு "தேங்க்யூ" என்றேன். வாங்கிக்கொண்டு பாயைப் பார்த்தேன்.

"பாத்தீங்களா பாய், எந்தக் கையால குடுத்தா?"

"டீச்சரம்மா, கைய வுடுங்க. வெந்நி தனியா, தூளு தனியா, பாலு தனியா, சர்க்கரை தனியா குடுத்துட்டு, கடைசில ஒரு குச்சியும் குடுத்தா அதுக்குப் பேரு டீயா? மளிகை சாமான். நாம சமைச்சிக்கணுமாம்!"

"அது தப்பு. ஆனா கை அதைவிடப் பெரிய தப்பு."

"அதெப்படி? எந்தக் கையால குடுத்தாலும் நல்ல டீ நல்ல டீதானே. வலது கையால கழனித்தண்ணி குடுத்தா குடிச்சிருவீங்களா?"

நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த ஜன்னலோரத்து மனிதர், கோட்டுப் போட்டவர், கப்பில் முதலில் பாலைப் போட வேண்டும், பிறகுதான் தண்ணீர், அதுதான் நாகரிகம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்த ஒரு விஷயத்தில் பாயும் நானும் ஒரே கட்சியானோம். அவரை அப்படியே ஒதுக்கிவிட்டோம்.

இது தண்ணீரின் தவறும்கூட என்று நான் விளக்கினேன். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும், விமானத்துக்குள்ளும் தரையில் இருக்கிற அளவு அழுத்தம் கிடையாது, அதனால் தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும், தூளின் சாறு இறங்காது. ஒன்பதாம் வகுப்புப் பாடம்தான். பாய் மிகவும் கவனமாகக் கேட்டார். "அப்ப எறங்கினப்புறம் குடுக்கச் சொல்லுங்க" என்றார்.

சொல்லிவிட்டு, காலியாக இருந்த தண்ணீர்க் கப்பை எடுத்து, தன் டீயை ஒரு கப்பிலிருந்து இன்னொரு கப்புக்கு ஆற்றத் தொடங்கினார். கையை ஒரு முழம் உயர்த்தினார் பாருங்கள், நிகிதா அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்தாள். சார், இங்கே சூடான எதையும் அப்படி ஊற்றக் கூடாது, விமானம் குலுங்கினால் யார்மேலாவது கொட்டிவிடும் என்றாள் ஆங்கிலத்தில்.

"ஆத்தாத டீய எப்படிம்மா குடிக்கிறது?" என்று பாய் தமிழில் கேட்டார். நியாயமான கேள்வி.

எனக்கு முன்னால் இருந்த பையில் ஒரு கருத்து அட்டை இருந்தது. வாயைத் திறக்கக் கூடாது என்றுதானே பிரிசி சொன்னாள், பேனாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே? கைப்பையில் எப்போதும் இருக்கும் சிவப்புப் பேனாவை எடுத்தேன். புன்னகை, பத்துக்கு எட்டு. டீ, பத்துக்கு இரண்டு. கொடுத்த கை, பத்துக்குப் பூஜ்யம். கீழே நிகிதா என்ற பெயரையும் எழுதி, விருந்தினருக்கு இடது கையால் கொடுப்பது எங்கள் ஊரில் அவமரியாதை என்று நாலு வரி சேர்த்தேன். என் பெயரை எழுதவில்லை. அந்த மட்டுக்கு எனக்குப் புத்தி இருந்தது. ஆனால் மூலையில் சீட் நம்பர் என்று ஒரு கட்டம் காலியாகக் கிடந்தது. ரெஜிஸ்டர் நம்பர் எழுதாத தாள் செல்லாது என்று இருபத்தேழு வருஷமாகப் பரீட்சை ஹாலில் கத்திவருகிறவள் நான். கட்டத்தைக் கண்டதும் கை தானாக 27C என்று எழுதிவிட்டது.

இரண்டாம் நாள் அதிகாலை ஞானஸ்நானம். அக்கா பேரன் தலையில் தண்ணீர் விழுந்ததும் போதகரின் அங்கியைப் பிடித்து இழுத்தான். என் வம்சம் என்று தெரிந்துகொண்டேன். விருந்தில் தேங்காய்ப்பால் சோறும் நெத்திலி வறுவலும் வைத்தார்கள். நெத்திலியைக் காலை எட்டரை மணிக்குச் சாப்பிடலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது. தெரிந்தபிறகு மூன்று முறை வாங்கினேன்.

சாயங்காலம் அக்காவும் நானும் கோலாலம்பூர் பார்க்க ரயில் ஏறினோம். பெண்களுக்குத் தனிப் பெட்டி, ஏசி, வாசலில் தொங்க ஆள் இல்லை. தாம்பரம் பீச் மின்சார ரயிலில் எனக்கு இப்படி ஒரு சீட் கிடைத்திருந்தால் நான் இந்நேரம் இரண்டு டிகிரி கூடுதலாக முடித்திருப்பேன் என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். பேச்சு சுவாரசியத்தில் ரயில் கடைசி ஸ்டேஷனில் நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால் துறைமுகம்; எதிர்த்திசை ரயிலில் ஏறியிருந்தோம். அங்கிருந்த மலாய் ஊழியர் அக்காவிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"என்ன சொல்றார்?"

"கோலாலம்பூருக்குக் கப்பல்ல போகப் போறீங்களான்னு கேக்கறார்."

இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறாள் அக்கா! கோபத்தைத் தணிக்க என்னை ஒரு மாமாக் கடைக்குக் கூட்டிப்போனாள். தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற சாப்பாட்டுக் கடைக்கு அங்கே அப்படித்தான் பெயர். கடைக்காரர் கெட்டிப்பாலும் தேயிலைச் சாயமும் கலந்து, தலைக்கு மேலிருந்து இடுப்புவரை டீயை ஆற்றினார். நுரை ததும்ப ஒரு கிளாஸ் வந்தது. குடித்ததும் எனக்கு மலேசியாவோடு சமாதானம் ஆகிவிட்டது. ஷாகுல் பாய் பக்கத்தில் இல்லையே என்று இருந்தது.

மூன்றாம் நாள் காலை பிரிசி போன் செய்தாள்.

"அம்மா, நீ போன ஃப்ளைட்ல உன் சீட் 27Cதானே?"

"ஆமா. ஏன்?"

"சிவப்புப் பேனாவா?"

நான் பேசவில்லை.

"மார்க் போட்டிருக்கு. கூட்டல்கூடப் போட்டிருக்கு. உலகத்துல வேற யாரும்மா அப்படி எழுதுவா? நிகிதாவைக் கூப்பிட்டு விசாரிச்சிருக்காங்க. அவ என் பேட்ச். ட்ரெய்னிங்ல என் ரூம்மேட். அப்புறம் அந்த சீட் யார் பாஸ்னு பாத்திருக்காங்க. என் பேர் வந்திருக்கு."

"அவ இடது கையால குடுத்தாடி!"

"எல்லாரும் அப்படித்தாம்மா குடுப்போம்! வலது கைல கொதிக்கிற ஃப்ளாஸ்க் இருக்கு. கனமானது, கொட்டினா ஆள் வெந்துடும், அதனால பலமான கையாலதான் அதைப் பிடிக்கணும். கப் இன்னொரு கையாலதான் வரும். எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்குடுத்திருக்காங்க."

இதை எனக்கு யாரும் சொல்லவில்லையே என்று வாதாடப் பார்த்தேன். அவள் விடவில்லை. "நாளைக்கு நீ வர்ற ஃப்ளைட்ல எனக்கு டூட்டி. சூப்பர்வைசர் மேடமும் கூட வராங்க, என்னை வச்சுக்கறதா வேண்டாமான்னு பாக்கறதுக்கு. அந்த ஃப்ளைட்ல நீ என் அம்மா இல்ல. புரியுதா?"

போனை வைத்ததும் அக்கா கேட்டாள். "நேத்து மாமாக் கடைக்காரர் உனக்கு எந்தக் கையால குடுத்தார்?"

யோசித்துப் பார்த்தேன். வலது கையில் ஆற்றுகிற குவளை இருந்தது. அக்காவிடம் அன்றைக்கு முழுக்க நான் பேசவில்லை.

நான்காம் நாள் எனக்கு 24C. விமானத்தின் பின்பக்கம் சூப்பர்வைசர் அம்மா சின்ன நோட்டோடு நின்றுகொண்டிருந்தார். பரீட்சை ஹாலில் நான் நிற்பது மாதிரியே நின்றார். அந்த நிலையில் நிற்கிறவர்களை எனக்குப் பிடிக்காது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிரிசி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தலைமயிரை இழுத்துக் கட்டியதில் நெற்றி பெரிதாகத் தெரிந்தது. என் வரிசைக்கு வந்து குனிந்தாள்.

"டீயா, காபியா மேடம்?"

பள்ளிக்கூடம் முழுக்க என்னை மிஸ் என்று கூப்பிடும். இந்த மேடம் வேறு. டீ என்று கையால்தான் காட்டினேன். வலது கையில் ஃப்ளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் கப்பை நீட்டினாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

நடைபாதைக்கு அந்தப் பக்கம் 24Dயில் ஒருவர் இருந்தார். பெருங்களத்தூரில் அபார்ட்மெண்ட் கட்டுகிறவர். விமானம் கிளம்புவதற்கு முன் போனில் யாரையோ சிமெண்ட்டுக்காகத் திட்டியதில் எங்கள் எல்லோருக்கும் அது தெரிந்துவிட்டது. பிரிசி அவருக்குக் கப்பை நீட்டினாள்.

"இன்னாம்மா இது? பீச்சாங்கையால குடுக்கற? காசு குடுத்துதானே வரோம்? உங்க வூட்ல இதெல்லாம் சொல்லிக் குடுக்கலியா?"

சொல்லிவிட்டுக் கப்பைப் புறங்கையால் தள்ளினார். வெந்நீர் அவள் வலது கையில் கொட்டியது. ஃப்ளாஸ்க்கை விடவில்லை அவள். விட்டிருந்தால் அந்த மனிதர் வெந்திருப்பார். மெல்ல வண்டியில் வைத்துவிட்டு, "சாரி சார்" என்றாள். அதே வலது கையால் இன்னொரு கப்பை எடுத்து அவருக்கு நீட்டினாள். புறங்கை சிவந்துகொண்டு வந்தது.

எழுந்தேன். சீட் பெல்ட் இழுத்து உட்காரவைத்தது. பெல்ட்டைக் கழற்றப் போனபோது பிரிசி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். வகுப்பில் அவள் என்னை அம்மா என்று கூப்பிட வாயெடுக்கும்போதெல்லாம் நான் பார்த்த பார்வை அது. பின்னால் நோட்டோடு அந்த அம்மா எங்கள் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

24Dக்காரர் அதோடு விடவில்லை. ஆதரவுக்கு என் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க மேடம். பாத்தா டீச்சர் மாதிரி கீறீங்க. இது மரியாதையா? இதெல்லாம் ஒரு டீயா?"

ஐயா, உங்கள் ஒவ்வொரு வார்த்தையும் என் வார்த்தை. சிவப்புப் பேனாவில் எழுதிக் கையெழுத்து மட்டும் போடாமல் விட்ட வார்த்தை. உங்களை அந்தக் கப்பாலேயே அடிக்க வேண்டும் போல இருந்தது. என்னையும் சேர்த்து.

கப்பை எடுத்து ஒரு மடக்குக் குடித்தேன். டீ பேக்கை இன்னும் நான் அதில் போடவே இல்லை.

"எனக்கும் அதே கையாலதான் குடுத்தாங்க சார்" என்றேன். "டீ ரொம்ப நல்லா இருக்கு."

என் வாழ்நாளில் டீயைப் பற்றி நான் சொன்ன முதல் பொய் அது. அவர் என்னைப் பார்த்தார், என் கப்பில் இருந்த வெறும் வெந்நீரைப் பார்த்தார், முனகிக்கொண்டே திரும்பிக்கொண்டார். பிரிசி வண்டியை அடுத்த வரிசைக்குத் தள்ளினாள். "டீயா, காபியா சார்?" குரல் கொஞ்சமும் மாறவில்லை. நோட்டில் அந்த அம்மா ஏதோ எழுதினார்.

நான் முதலில் வீடு வந்துசேர்ந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து பிரிசி வந்தாள். யூனிஃபார்மோடு சோபாவில் சாய்ந்து, செருப்பைக் காலாலேயே தள்ளிவிட்டாள். வலது புறங்கையில் மருந்து தடவி, துணி சுற்றியிருந்தது.

"என்ன சொன்னாங்க?" என்றேன். அதைத்தான் முதலில் கேட்டேன், கையைக் கேட்கவில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது.

"ஓகே சொல்லிட்டாங்க. நிதானமா நடந்துக்கிட்டேனாம். வேலை நிலைச்சிடும்."

"நிகிதாவுக்கு?"

"அவளுக்கு ரெக்கார்ட்ல ஏறிடுச்சு. அது அப்படியேதான் இருக்கும்."

"நான் தப்புன்னு ஒரு லெட்டர் எழுதித் தரேன். பேர் போட்டே எழுதறேன்."

"நீ எழுதின வரைக்கும் போதும்மா" என்றாள், கண்ணைத் திறக்காமலே. அந்தப் பெண்ணின் சிரிப்புக்கு நான் எட்டு மார்க் போட்டது ஞாபகம் வந்தது. அதைக்கூட முழுசாகப் போடாத ஜென்மம்.

எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்யலாம் என்று அடுப்படிக்குப் போனேன். நல்ல பால், ஏலக்காய், தூளை அளந்து எடுத்தேன். வாசனை கூடத்துக்குப் போயிருக்க வேண்டும்.

"அம்மா, எனக்கு டீ வேண்டாம். காலைலேருந்து டீ முகத்துலயே முழிச்சிட்டு இருக்கேன். வெறும் வெந்நீர் குடு."

பாலை இறக்கிவிட்டு, தண்ணீரை வைத்தேன். நூறு டிகிரிவரை சரியாகக் கொதிக்கவிட்டு, ஆற்றி, டம்ளரில் ஊற்றிக் கொண்டுபோய் நீட்டினேன். வாங்குவதற்கு வலது கையைத் தூக்கினாள். சின்ன வயதில் அடித்து நான் பழக்கிய பழக்கம். துணிக்குள் விரல் மடங்கவில்லை, முகம் சுளித்தது, இருந்தும் அந்தக் கையைத்தான் நீட்டினாள்.

"இடது கையால வாங்கிக்கோடி" என்றேன்.

வாங்கிக்கொண்டாள்.